வழி: மூலக்கொத்தளம்



வரலாறு என்னும் சொல்லைக் கேட்டவுடன் உங்கள் உள்ளத்தில் என்னென்ன தோன்றும்? மூவேந்தர் தோன்றுவர், கோட்டை கொத்தளங்கள் தோன்றும், போர்க்களங்களும் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் தோன்றும். அவையெல்லாம் வரலாறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், நாள்தோறும் காலையில் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நீங்கள் காத்து நிற்கிறீர்களே, அந்தப் பேருந்து நிறுத்தத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஆசிரியப் பயிற்சி பெறும்போது எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த விதி ஒன்று உண்டு. 'மாணவன் அறிந்ததிலிருந்து தொடங்கு. அறியாததற்கு அவனை அழைத்துச் செல்' என்பது அவ்விதி. வடசென்னைப் பள்ளிகளில் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அங்குள்ள மாணவர் அனைவரும் தவறாமல் அறிந்த பொருள் ஒன்று உண்டென்றால், அது பேருந்துதான். ஆகவே பேருந்திலிருந்தே தொடங்குவோம்.

'பேருந்து' என்பது அழகிய சொல். உந்து என்றால் தள்ளிச் செலுத்துதல். பெரியதோர் உந்து பேருந்து ஆயிற்று. எங்கள் இளமையில் எல்லாரும் 'பஸ்' என்றே சொன்னோம். இன்றும் வீட்டில் அப்படியே சொல்கிறோம். அந்தப் பேருந்தின் நெற்றியில் மூன்று செய்திகள் எழுதியிருக்கும். ஒன்று அதன் எண். மற்றொன்று அது சென்று சேரும் இடம். மூன்றாவது அது எந்த வழியாகச் செல்கிறது என்பது. வடசென்னைப் பேருந்துகள் சிலவற்றில் 'வழி: மூலக்கொத்தளம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு வரிக்குள் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுச் செய்தி அடங்கியிருக்கிறது.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். பாரிமுனையிலிருந்து வடக்கே வந்தால் தங்கசாலை என்னும் இடத்தை அடைவோம். அங்குள்ள பேருந்து நிலையத்துக்கு இப்போது வள்ளலார் நகர் என்று பெயர். இராமலிங்க அடிகள் தம் இளமையில் வாழ்ந்த ஏழுகிணறுப் பகுதி அதற்கு அண்மையில் இருத்தலால் இப்பெயர் மிகவும் பொருத்தமே. அங்கிருந்து சாலைகள் இரண்டு கைகளாகப் பிரிகின்றன. ஒரு கை வடக்கே நீண்டு, பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் ஆகிய இடங்களைக் கடந்து எண்ணூர் வரை செல்கிறது. மற்றொரு கை மேற்கே திரும்பி, மூலக்கொத்தளத்தையும் பேசின் பாலத்தையும் கடந்து வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் செல்கிறது.

கொத்தளம் என்பது கோட்டை மதிலில் பீரங்கி வைப்பதற்காக முன்தள்ளிக் கட்டப்பெறும் காப்பிடம். மதிலின் மூலையில் அமைந்த கொத்தளமே மூலக்கொத்தளம் என மருவிற்று என்பர். அந்த மதில் எது? 1758-ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டார். பின்னர் 1769-இல் ஐதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாயில்வரை வந்தது. அஞ்சிய கும்பினியார், அக்காலத்தில் கறுப்பர் நகரம் என்று தாங்கள் அழைத்த பகுதியின் வடக்கிலும் மேற்கிலும் பெரிய மதில் ஒன்றை எழுப்பினர். அந்தப் பகுதிதான் 1911-இல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றம் பெற்றது. மதில் கட்டிய செலவுக்காக மக்களிடம் வரி தண்டக் கருதினார்கள். அந்த எண்ணத்தின் நினைவாகவே வால்டாக்ஸ் சாலை, அதாவது சுவர் வரிச் சாலை, இன்றும் அப்பெயரோடு விளங்குகிறது. மதிலில் எஞ்சிய ஒரு பகுதியைப் பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள மாடிப்பூங்காவில் நீங்கள் காணலாம்.

ஒரு நகரத்தைக் காக்க எழுந்த மதில், நகரத்தை இரண்டாகவும் பிரித்துவிடும். மதிலுக்கு உள்ளே வணிகரும் பண்டகசாலைகளும் இருந்தனர். வெளியே துணி வெளுப்போரும் நெசவாளரும் மீனவரும் பிற உழைப்பாளரும் வாழ்ந்தனர். வண்ணாரப்பேட்டை என்னும் பெயரே கும்பினியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களைக் குறிக்கிறது. காலடிப்பேட்டை என்றால் யாருடைய காலடியோ என்று எண்ணாதீர்கள். 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த காலெட் என்பவர் நெசவாளருக்கென அமைத்த ஊர் அது. காலெட் பேட்டை என்பது மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. இவ்வாறு உழைப்பவர் வெளியிலும் வேலை உள்ளேயுமாக அமைந்த ஊரில், ஒவ்வொரு நாளும் காலையில் பல்லாயிரவர் உள்ளே வரவேண்டும். மாலையில் திரும்ப வேண்டும். மதில் 19-ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. ஆனால் அந்தக் காலை மாலைப் பயணம் நிற்கவில்லை. நம் வழித்தடத்தின் விதை அதுதான்.

மக்கள் எப்படிச் சென்றார்கள்? பெரும்பாலும் நடந்தே சென்றார்கள். திருவொற்றியூர்த் தியாகேசர் திருக்கோயிலுக்கு அடியவர் நடந்து சென்ற பாதை மிகத் தொன்மையானது. தேவாரம் பாடிய மூவராலும் பாடப்பெற்ற தலம் அது. பொருளுடையவர்க்கு மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் இருந்தன. 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை புகைவண்டி ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதற் பயணிகள் புகைவண்டி அதுவே. ஆயினும் புகைவண்டி தொலைவிலுள்ள ஊர்களுக்கானது. நகருக்குள்ளேயே தொழிலாளி ஒருவர் இரண்டு மூன்று கல் தொலைவு செல்ல அது பயன்படவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தது டிராம் வண்டி. 1895-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சாரத்தால் ஓடிய முதல் டிராம் இதுதான். கல்கத்தாவில் 1902-இலும் பம்பாயில் 1907-இலும்தான் மின்சார டிராம் வந்தது. இலண்டன் மாநகரின் தெருக்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியதும் சென்னைக்குப் பின்னரே. முதலில் மின்சாரத்தைத் தரைக்கு அடியில் பள்ளம் அமைத்து அதன் வழியாகச் செலுத்தினர். சென்னையின் மழையை நீங்கள் அறிவீர்கள். பள்ளத்தில் நீர் புகுந்தால் வண்டி நின்றுவிடும். ஆகவே பிறகு தலைக்கு மேலே கம்பி கட்டி மின்சாரத்தைச் செலுத்தினர். டிராம் வண்டிகள் துறைமுகப் பகுதியை உள்நகரோடு இணைத்து, மக்களையும் சுமைகளையும் ஏற்றிச் சென்றன.

அதன் பின்னர் மோட்டார் பஸ் வந்தது. டிராம் வண்டி தண்டவாளத்தை விட்டு ஓரடியும் விலக இயலாது. மோட்டார் பஸ்ஸோ சாலை இருக்கும் இடமெல்லாம் செல்லும். தனியார் பலர் பஸ்களை ஓட்டினார்கள். பயணிகளை ஏற்றிக்கொள்ள ஒருவரோடொருவர் போட்டியிட்டார்கள். கூட்டம் மிகுந்த நேரத்தில் வண்டிகள் பல ஓடும். கூட்டம் குறைந்த நேரத்திலும் வருவாய் குறைந்த தெருக்களிலும் வண்டி கிடைப்பது அரிது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இன்ன வண்டி இன்ன வழியில் ஓடலாம் என்று உரிமம் வழங்கும் முறையை நாடு முழுவதும் வலுப்படுத்தியது. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு நகரப் பேருந்துப் போக்குவரத்தைத் தானே ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. நட்டத்தில் தத்தளித்த டிராம் கம்பெனி 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வண்டிகளை அடியோடு நிறுத்திவிட்டது. அன்றுமுதல் வடசென்னைத் தொழிலாளிக்குப் பேருந்தே பெருந்துணை ஆயிற்று.

மாணவர்களே, இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். ஒரு பேருந்தின் வழியை யார் முடிவு செய்கிறார்கள்? அலுவலகத்தில் அமர்ந்து வரைபடத்தில் கோடு இழுப்பவர் முடிவு செய்கிறார் என்று எண்ணலாம். அது முழு உண்மை ஆகாது. மக்கள் எங்கே வாழ்கிறார்கள், எங்கே வேலை செய்கிறார்கள், எந்த நேரத்தில் வேலைக்குச் செல்ல வேண்டும் என்னும் இவையே கோட்டை முதலில் இழுக்கின்றன. அலுவலகம் அக்கோட்டைக் கண்டு எழுதிக்கொள்கிறது.

இதற்கு வடசென்னையே சான்று. பெரம்பூர்ப் பக்கத்தில் பக்கிங்காம் ஆலை 1876-இலும் கர்நாடிக் ஆலை 1881-இலும் தோன்றின. இந்தத் தொழிலாளரிடையேதான் 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அதனைப் போற்றுவர். திரு. வி. க. போன்ற சான்றோர் அதில் பணி செய்தனர். வடக்கே திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலை வந்தது. 1946-இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய நிறுவனம் பின்னர் எம்.ஆர்.எஃப். என்னும் பெரிய டயர்த் தொழிற்சாலையாக வளர்ந்தது. 1950-களில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1970-இல் எண்ணூரில் அனல்மின் நிலையமும் இயங்கத் தொடங்கின.

ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு சங்கு உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் கடிகாரம் வைத்திருந்த வீடுகள் சிலவே. ஆலைச் சங்கு ஊதினால் அம்மாக்கள் உலை வைப்பார்கள்; அடுத்த சங்கு ஊதினால் சாப்பாட்டுக் கூடையோடு ஆட்கள் புறப்படுவார்கள். முதல் ஷிப்டு, இரண்டாம் ஷிப்டு, இராத்திரி ஷிப்டு என்ற கணக்கில்தான் பேருந்தில் கூட்டம் ஏறி இறங்கும். படிக்கட்டில் தொங்குபவரின் சட்டையைப் பார்த்தே, இவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், இவர் ஆலையில் தறி ஓட்டுபவர் என்று சிறுவர்களாகிய நாங்கள் கூறிவிடுவோம். சங்கு சொன்ன நேரத்தைப் பேருந்து கேட்டது என்றே சொல்லலாம்.

இன்னொரு சிறப்பும் இவ்வழிக்கு உண்டு. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்னும் நிறுவனம் தொடங்கப்பெற்றது. எண்ணூரில் அதன் தொழிற்சாலை அமைந்தது. முதலில் கார்களை இணைத்த அந்நிறுவனம், 1955-இல் இங்கிலாந்து நாட்டு லேலண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து அசோக் லேலண்ட் ஆகி, லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் அடிச்சட்டம் செய்யலாயிற்று. எண்ணூரில் அடிச்சட்டம் பூட்டிய தொழிலாளி, மாலையில் அதே நிறுவனம் செய்த வண்டியில் ஏறி வீடு திரும்புவது இவ்வழியில் இயல்பாக இருந்தது. தான் செய்த பொருளைத் தானே பயன்படுத்தும் பேறு எல்லாத் தொழிலாளிக்கும் வாய்ப்பதன்று.

1972-ஆம் ஆண்டில் அரசுப் போக்குவரத்துத் துறை பல கழகங்களாகப் பிரிக்கப்பட்டது. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், தஞ்சைப் பகுதிக்குச் சோழன் என்று பெயர்கள் சூட்டப்பட்டன. வரலாற்றுப் பாடத்தில் மூவேந்தரை மறந்த மாணவனும் பேருந்தைப் பார்த்து நினைவு கூர்ந்த காலம் அது! 1994-இல் வடசென்னைக்கென்று டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் தனியாக அமைந்தது. 1997-இல் பெயர்கள் மாற்றம் பெற்றன. 2001-இல் இரு கழகங்களும் ஒன்றாகி, மாநகர் போக்குவரத்துக் கழகம் என்று இன்று நாம் அறியும் அமைப்பு உருவாயிற்று. இத்தனை பெயர் மாற்றங்களுக்கு இடையிலும் மக்கள் தங்கள் பேருந்தை எண்ணாலேயே அறிந்தனர். '1' என்றால் திருவொற்றியூர் என்றும், '57' என்றால் செங்குன்றம் என்றும் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சொல்லுவார்.

இனி, ஒரு வழித்தடம் எவ்வாறு இயங்குகிறது என்று சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். எழுதுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேருந்து நிலையத்திலிருந்து புறப்பட்டு, மறுமுனை சென்று, திரும்பி வர 120 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். பயணிகளுக்கு 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி வேண்டும். அப்படியானால் எத்தனை வண்டிகள் தேவை? 120-ஐப் பத்தால் வகுத்தால் 12. சரி. இப்போது சாலையில் நெரிசல் மிகுந்து, போய் வர 180 நிமிடம் ஆகிறது. வண்டி அதே 12 தான். 180-ஐப் 12-ஆல் வகுத்தால் 15. அதாவது, ஒரு வண்டியைக்கூட யாரும் குறைக்கவில்லை. ஆயினும் நீங்கள் ஐந்து நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். பழையபடி 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி வேண்டுமானால் 18 வண்டிகள் தேவை. கூடுதலாக ஆறு வண்டிகளும், அவற்றுக்கு ஓட்டுநரும் நடத்துநரும், எரிபொருளும் வேண்டும். சாலை நெரிசல் என்பது பேருந்தில் செல்பவரிடமிருந்து யாருக்கும் தெரியாமல் நேரத்தைத் திருடிக்கொள்கிறது.

'அரை மணி நேரம் ஒரு வண்டியும் வராது. பிறகு இரண்டும் சேர்ந்தாற்போல் வரும்' என்று நீங்கள் சலித்துக்கொள்வது எனக்குத் தெரியும். அதற்கும் காரணம் உண்டு. முன்னே செல்லும் வண்டி ஏதோ ஒரு தடையால் சற்றுத் தாமதமாகிறது. தாமதமாகவே, அடுத்த நிறுத்தத்தில் அதற்காகக் கூடுதல் மக்கள் சேர்ந்துவிடுகின்றனர். அவர்கள் ஏறி இறங்க நேரம் ஆவதால் அது இன்னும் தாமதமாகிறது. பின்னே வரும் வண்டிக்கோ நிறுத்தங்களில் ஆள் குறைவு. ஆகவே விரைந்து வந்து முன்வண்டியை எட்டிப் பிடித்துவிடுகிறது. உலகத்து மாநகரங்கள் பலவற்றிலும் உள்ள இடர்ப்பாடு இது. ஓட்டுநரைக் குறை கூறுமுன் இந்தக் கணக்கையும் நினைவிற் கொள்ளுங்கள்.

கணக்கோடு நின்றால் வழித்தடத்தின் முழு வரலாறும் விளங்காது. பேருந்தில் யார் ஏறலாம் என்னும் கேள்வி அதனினும் பெரிது. 1662-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பேரறிஞர் பாஸ்கல் ஓர் ஏற்பாடு செய்தார். குறித்த வழியில், குறித்த நேரத்தில், குறித்த கட்டணத்தில் ஓடும் குதிரை வண்டிகளைப் பாரிசு நகரில் அவர் தொடங்கிவைத்தார். கணித மேதையாகிய அதே பாஸ்கல்தான். ஆனால் படைவீரரும் பணியாளரும் அவ்வண்டிகளில் ஏறக்கூடாதென்று தடை விதிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அந்த ஏற்பாடு மங்கி மறைந்தது. எல்லாரையும் ஏற்றாத வண்டி பொது வண்டி ஆகாது என்பதற்கு இது முதற் சான்று.

நம் நாட்டிலும் அந்த இழிவு இருந்தது. தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களைத் தனியார் பஸ்களில் ஏற்ற மறுத்த காலம் ஒன்று உண்டு. இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார், அவ்வாறு ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமத்தை நீக்கிவிடுவதாக எச்சரித்து ஆணை பிறப்பித்தார். அமெரிக்க நாட்டில் மாண்ட்கோமரி நகரில் 1955-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், ரோசா பார்க்ஸ் என்னும் அம்மையார் வெள்ளையருக்காகத் தம் இருக்கையை விட்டு எழ மறுத்தார். கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தே சென்று அறப்போர் நிகழ்த்தி வென்றார்கள். இருக்கை ஒன்றுதான், அதன் பின்னே நின்றது மனிதனின் மதிப்பு. 2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம் என்று அரசு ஆணையிட்டது. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் செல்லும் வடசென்னைப் பெண்களுக்கு அதன் பொருள் என்ன என்பதை, மாத முடிவில் அவர்கள் கையில் மிஞ்சும் பணத்தைக் கேட்டால் தெரிந்துகொள்ளலாம்.

என் பணிக்காலத்தில் நிகழ்ந்த ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியொன்றில், ஓராண்டு திடீரெனப் பல மாணவர் காலை வழிபாட்டுக்குப் பின்னரே வரத் தொடங்கினர். வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஆராய்ந்தேன். தாமதமாக வந்தவருள் பெரும்பாலோர் அடுத்தடுத்த இரண்டு நிறுத்தங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் ஏறிவந்த காலைப் பேருந்தின் நேரம் மாறியிருந்தது. அவர்களுள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. மாலையிலும் இருட்டிய பின்பே வீடு சேர்ந்தாள். 'இனிப் பள்ளியே வேண்டாம், வீட்டில் இருக்கட்டும்' என்று அவள் வீட்டார் பேசத் தொடங்கிவிட்டனர்.

சினந்து கூச்சலிடுவதால் பயன் இல்லை என்று மாணவர்களிடம் கூறினேன். ஒரு வாரம் முழுவதும் அந்த நிறுத்தங்களில் நின்று, வண்டி வந்த நேரம், ஏறியவர் தொகை, இடமின்றி நின்றுவிட்டவர் தொகை ஆகியவற்றைக் குறிக்கச் சொன்னேன். அதையெல்லாம் கட்டம் கட்டி அட்டவணையாக எழுதினார்கள். கணக்காசிரியர் சரிபார்த்தார், தமிழாசிரியர் விண்ணப்பத்தின் நடையைத் திருத்தினார். பெற்றோர் கையொப்பமிட்டனர், சிலர் கைந்நாட்டு வைத்தனர். விண்ணப்பத்தை உரிய அலுவலகத்தில் கொடுத்தோம். சில வாரங்களில் காலை வண்டி ஒரு கால் மணி முன்னதாக வரலாயிற்று. அந்த மாணவி தேர்வு எழுதினாள். அடுத்த ஆண்டில் நேரம் மறுபடியும் மாறியது. அடுத்த வகுப்பு மாணவர் மீண்டும் ஒரு விண்ணப்பம் எழுதினர். ஒருமுறை கேட்டுப் பெற்றால் என்றென்றைக்கும் போதும் என்று இருந்துவிட முடியாது.

அப்போதுதான் ஓர் உண்மை எனக்கு நன்கு விளங்கிற்று. வழித்தடம் என்பது அரசு மக்களுக்குக் கொடுக்கும் வாக்கு. 'நீ எவ்வளவு ஏழையாயினும், இந்த நிறுத்தத்தில் இந்த நேரத்தில் வந்து நில். உன்னை நான் ஏற்றிச் செல்வேன்' என்பதே அந்த வாக்கு. அதை நம்பித்தான் ஒருவர் வேலையை ஒப்புக்கொள்கிறார். ஒரு பெண் கல்லூரியில் சேர்கிறாள். ஒரு முதியவர் மருத்துவமனைக்கு நாள் குறித்துக்கொள்கிறார். வருவாய் குறைவு என்று வண்டியை நிறுத்தினால், கணக்கேட்டில் நட்டம் குறையும். ஆனால் நின்றுபோன படிப்பும் இழந்த வேலையும் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

காலம் மாறிவிட்டது. 1996-இல் பின்னி ஆலை மூடப்பட்டது, சங்கும் ஓய்ந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் நின்றது. துறைமுகத்தில் மூட்டைகளுக்குப் பதிலாகப் பெரிய பெரிய சரக்குப் பெட்டகங்கள் வந்தன. அவற்றைச் சுமந்த நீண்ட லாரிகள் வடக்குச் சாலைகளில் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் இடையே பேருந்து ஊர்ந்து செல்கிறது. 2019-இல் வண்ணாரப்பேட்டை வரையிலும், 2021 பிப்ரவரியில் அங்கிருந்து விம்கோ நகர் வரையிலும் மெட்ரோ இரயில் வந்தது. ஆலையின் பெயர் இரயில் நிலையத்தின் பெயராக வாழ்கிறது. தேர் நின்ற திருவொற்றியூர்த் தேரடியிலும் இன்று மெட்ரோ நிற்கிறது.

மெட்ரோ வந்துவிட்டதே, இனிப் பேருந்து எதற்கு என்று சிலர் கேட்பர். இரயில் ஒரு கோட்டில் செல்லும்; பேருந்து தெருவுக்குள் வரும். இரயில் நிலையத்திலிருந்து வீடு வரை உள்ள ஒன்றரைக் கல் தொலைவை முழங்கால் வலியுள்ள பாட்டி எப்படிக் கடப்பார்? குறைந்த செலவில் புதிய குடியிருப்பை இன்றே இணைக்க வேண்டுமானால் எது உதவும்? இரயிலும் பேருந்தும் ஒன்றுக்கொன்று துணை; ஒன்றை நீக்கி மற்றொன்றை வைப்பது அறிவுடைமை ஆகாது.

2025-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், மூலக்கொத்தளத்திலிருந்து பேசின் பாலத்தைக் கடந்தால் வரும் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து, மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் முதல் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. சக்கர நாற்காலியில் வருபவரும் எளிதில் ஏறும்படி அமைந்தவை அவை. அவற்றைச் செய்தது அசோக் லேலண்டின் கிளை நிறுவனம். 1953-இல் டிராம் வண்டியோடு சென்னைத் தெருவைவிட்டு நீங்கிய மின்சாரப் பயணம், 72 ஆண்டுகளுக்குப் பின் வேறொரு வடிவில் வடசென்னையிலிருந்தே தொடங்கியிருக்கிறது. புகைக்கரியையும் எண்ணெய்ப் புகையையும் தலைமுறை தலைமுறையாகச் சுவாசித்த மக்களின் தெருவில் புகையில்லா வண்டி முதலில் ஓடியது பொருத்தமானதே.

மூலக்கொத்தளத்தைக் கடக்கும்போது அங்குள்ள இடுகாட்டையும் நினைவு கூருங்கள். கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை சென்று, 1939-ஆம் ஆண்டில் உயிர் நீத்த நடராசனும் தாளமுத்துவும் அங்கேதான் துயில்கின்றனர். இருவரும் எளிய குடும்பத்தினர். அவர்களுடைய நினைவிடத்தைக் கடந்துதான் ஒவ்வொரு நாளும் எளிய மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் செல்கின்றனர்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். ஆசிரியன் பேச்சு வீட்டுப்பாடம் இல்லாமல் முடியுமா? உங்கள் நிறுத்தத்தின் பெயர் எப்படி வந்தது என்று கேளுங்கள். அங்கே முதலில் எந்த எண்ணுள்ள வண்டி நின்றது, யார் அதில் சென்றார்கள், எந்த வேலைக்குச் சென்றார்கள் என்று உங்கள் தாத்தாவையும் பாட்டியையும் கேளுங்கள். ஓய்வு பெற்ற ஓட்டுநரோ நடத்துநரோ உங்கள் தெருவில் இருந்தால், அவரிடம் ஒரு மாலை நேரம் அமர்ந்து கேளுங்கள். கேட்டதைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். ஆலையில் வேலை செய்தவர்களும் டிராமில் ஏறியவர்களும் அருகி வருகின்றனர். அவர்களோடு அவர்கள் அறிந்த செய்தியும் போய்விடும். எழுதி முடித்த பின், உங்கள் நிறுத்தத்தில் வண்டி ஏறாமல் நின்றுவிடும் மக்கள் எவரேனும் உளரா என்று கண் திறந்து பாருங்கள். இருந்தால், அட்டவணை போடுங்கள்; விண்ணப்பம் எழுதுங்கள்.